குஞ்சு பிழைத்தால் முட்டை மிஞ்சும்

கிராமத்து வீடுகளின் புழக்கடையில் மேய்ந்து திரியும் கோழிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அவற்றின் குறைகளையே நாம் முதலில் எண்ணுகிறோம். நாட்டுக்கோழியின் முட்டை சிறியது. ஆண்டில் அது இடும் முட்டைகளும் சில. அதன் வளர்ச்சியும் மெதுவானது. இவற்றைக் கூறிய கையோடு, உயர் இனக் குஞ்சுகளை வீடுதோறும் வழங்கிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்னும் முடிவுக்கும் வந்துவிடுகிறோம். குஞ்சுகள் வழங்கப்படுகின்றன, பெற்றவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறுகின்றன. அடுத்த ஆண்டு அதே வீட்டிற்குச் செல்லும்போது, கொடுத்த குஞ்சுகளில் எத்தனை எஞ்சியுள்ளன என்று கேட்பதற்கே நமக்குத் தயக்கமாக இருக்கிறது.

இக்கட்டுரை கூற விரும்பும் கருத்து ஒன்றே. புழக்கடைக் கோழி வளர்ப்பின் முதற் குறை இனக்குறை அன்று; குஞ்சுகளின் சாவே முதற் குறை. ஆகவே இனத்தை மாற்றுவதற்கு முன் இழப்பைக் குறைக்க வேண்டும். இவ்வரிசை தவறினால் செலவு மிகும், பயன் குறையும். கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இதனை மனத்திற்கொண்டு செயற்பட்டால், பெருஞ்செலவு எதுவுமின்றியே ஏழைக் குடும்பங்களுக்குக் கணிசமான நன்மை செய்ய இயலும்.

புழக்கடைக் கோழியைச் சிறு விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலிருந்த கோழியினப் பறவைகள் ஏறத்தாழ 85 கோடி. அவற்றுள் 31.7 கோடிப் பறவைகள் வீட்டுப் புழக்கடைகளில் வளர்ந்தவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புடன் ஒப்பிடும்போது புழக்கடைப் பறவைகளின் எண்ணிக்கை சுமார் 46 சதவீதம் பெருகியிருந்தது. வணிகப் பண்ணைப் பறவைகளின் பெருக்கமோ 4.5 சதவீதமே. பெரும் பண்ணைகள் தோன்றியபின் வீட்டுக்கோழி தானே மறைந்துவிடும் என்று கருதியவர்கள் உண்டு. அக்கருத்து பொய்த்துவிட்டது. நிலமில்லாதவரும் கோழி வளர்க்கலாம்; அவசரச் செலவுக்கு ஒரு சேவலை விற்றுக் காசாக்கலாம். ஆதலால் இத்தொழில் நீடிக்கிறது. இன்னும் நெடுங்காலம் நீடிக்கும்.

இழப்பின் கணக்கு

நம் நாட்டுப் பெட்டைக்கோழி பொதுவாக ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். சில வாரங்கள் முட்டையிட்டபின் அடையில் அமரும். 21 நாட்கள் அடைகாக்கும். பின்னர்க் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு மேயும். இவ்வாறு ஆண்டில் மூன்று முறை நிகழ்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் 12 முட்டைகள் வைத்து 10 குஞ்சுகள் பொரிந்தால், 36 முட்டைகளிலிருந்து 30 குஞ்சுகள் கிடைக்கும். இவற்றுள் மூன்றில் ஒரு பங்கே பிழைத்து வளருமானால், ஆண்டின் இறுதியில் எஞ்சுபவை 10 கோழிகள். இக்கணக்கு ஓர் எடுத்துக்காட்டே ஆயினும், கிராமத்து வீடுகளில் கேட்டுப் பார்ப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

இனி, குஞ்சுகளின் பிழைப்பு மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே 10 கோழிகளைப் பெற 15 குஞ்சுகள் போதும். 15 குஞ்சுகளுக்கு 18 முட்டைகள் போதும். மீதமுள்ள 18 முட்டைகளை அடைவைக்க வேண்டிய தேவையே இல்லை. அவை வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வரலாம். அல்லது சந்தைக்குச் செல்லலாம். மூன்று பெட்டைகள் உள்ள வீட்டில் இவ்வாறு மிஞ்சுபவை 54 முட்டைகள். அடையில் அமரும் நாட்கள் குறைவதால் பெட்டை மேலும் சில முட்டைகள் இடுவது தனி ஆதாயம்.

கோழி வளர்க்கும் வீட்டிலேயே குழந்தைகளுக்கு முட்டை கொடுப்பதில்லை என்று நாம் அடிக்கடி குறைகூறுகிறோம். முட்டையின் சத்தைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றுகிறோம். ஆனால் அத்தாய் முட்டையை அடைக்கு ஒதுக்குவது அறியாமையினால் அன்று. பத்துக் குஞ்சுகளில் ஆறேழு இறந்துபோகும் என்பது அவளுடைய அனுபவம். இறப்பவற்றை ஈடுசெய்யவே அவள் முட்டைகள் அனைத்தையும் அடைவைக்கிறாள். குஞ்சு பிழைக்கும் என்னும் நம்பிக்கை அவளுக்கு ஏற்பட்டால் முட்டை தானாகவே மிஞ்சும். அந்நம்பிக்கையை உண்டாக்குவதே நம் பணி.

மலையில் கண்டறிந்த நோய்

புழக்கடைக் கோழியின் முதற் பகை வெள்ளைக்கழிச்சல் நோய். இந்நோய்க்கு இராணிக்கெட் நோய் என்பது நூல்களில் வழங்கும் பெயர். குமாவுன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டில் இது இந்தியாவில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகே இதே நோய் காணப்பட்டமையால், உலகின் பிற பகுதிகளில் நியூகாசில் நோய் என்று அழைக்கின்றனர். அதே குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்நோய்க் கிருமியின் வீரியத்தைத் தணித்து, 1940க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் தடுப்பு மருந்து ஆக்கினர். ஆர்.2.பி. என்று இன்றும் வழங்குவது அதுவே.

நோய் கண்ட கோழி சோர்ந்து இறகுகளைச் சிலிர்த்து நிற்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சுவிடும். சில கோழிகளின் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால்கள் செயலிழக்கும். தடுப்பு மருந்து பெறாத ஊரில் இந்நோய் புகுந்தால் சில நாட்களிலேயே பெரும்பாலான கோழிகள் மடிந்துவிடும். நோய் வந்தபின் மருந்து இல்லை. வருமுன் காப்பதற்கு மருந்து உண்டு. அம்மருந்து விலை மலிந்தது. அரசு கால்நடை மருந்தகங்களின் வாயிலாகவும் கிடைப்பது. மருந்து தோன்றி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கிராமத்துக் கோழி ஏன் இன்னும் மடிகிறது? நம் சிந்தனைக்குரிய கேள்வி இதுவே.

அலுவலகத்தின் கடிகாரமும் கோழியின் கடிகாரமும்

இக்கேள்விக்கு விடைகள் இரண்டு. முதலாவது, மருந்தின் அளவு. தடுப்பு மருந்து பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகளுக்குரிய அளவிலேயே புட்டிகளில் வருகிறது. கரைசலில் கலந்த பின் சுமார் இரண்டு மணி நேரத்திற்குள் அதனைப் பயன்படுத்திவிட வேண்டும். எட்டுக் கோழிகள் வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஒரு புட்டியை வாங்கி என்ன செய்யும்? தனி வீட்டுக்கு ஒவ்வாத மருந்து இது. ஆனால் ஒரு தெருவுக்கு மிகவும் ஏற்றது. பதினைந்து வீடுகள் சேர்ந்தால் ஒரு புட்டி வீணாகாது.

இரண்டாவது, நேரம். தடுப்பூசி போடும் ஊழியர் காலை பத்து மணிக்கு மேல் கிராமத்தை அடைகிறார். கோழிகளோ விடியற்காலையிலேயே கூட்டை விட்டு இறங்கி வயலிலும் குப்பைமேட்டிலும் பரவிவிட்டன. அவற்றைத் துரத்திப் பிடிக்க யாராலும் இயலாது. பிடிபட்ட சிலவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து, எஞ்சிய மருந்தைக் கொட்டிவிட்டு அவர் திரும்புகிறார். குற்றம் ஊழியர் மீதன்று; கால ஒழுங்கின் மீது. கோழிகள் கைக்கு எட்டும் நேரம் நாளில் இருமுறையே வரும்: விடியற்காலையில் கூட்டைத் திறக்குமுன், மாலையில் அவை கூட்டில் அடைந்தபின். அந்நேரத்திற்கு ஏற்பப் பணியை அமைக்காமல், கிராமத்தார் ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பெழுதுவது முறையன்று.

மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் பல மாநிலங்களில் ‘பசு சகி’ என்னும் பெயரில் கால்நடைப் பராமரிப்பில் பயிற்சி பெற்றிருக்கின்றனர். அந்த ஊரிலேயே வாழும் இப்பெண்கள் விடியற்காலையில் தங்கள் தெருவைச் சுற்றி வருவது எளிது. கள ஊழியர் முன்தினம் மருந்தைப் பனிக்கட்டியிட்ட குடுவையில் கொண்டுவந்து ஒப்படைத்து, மறுநாட் காலையில் உடனிருந்து உதவினால் போதும். இரண்டு முதல் எட்டு டிகிரி சென்டிகிரேட் வரையிலான குளிர்ச்சி குலையாமல் மருந்தைக் காப்பது இதில் முதற் கடமை. சட்டைப்பையில் எடுத்துச் சென்ற மருந்தைப் போட்டுவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்பதில் பொருளில்லை.

பொதுவான அட்டவணை சுருக்கமானது. குஞ்சு பொரித்த 5 முதல் 7ஆம் நாளுக்குள் லசோட்டா அல்லது எஃப் வகை மருந்தில் ஒரு சொட்டுக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். எட்டாவது வாரத்தில் ஆர்.2.பி. தடுப்பூசி போட வேண்டும். இவ்வூசியை இளங்குஞ்சுகளுக்குப் போடலாகாது. அதன் பின்னர் மீண்டும் எப்பொழுது கொடுப்பது என்பதை அவ்வட்டாரக் கால்நடை மருத்துவர் வகுத்த முறைப்படி செய்க. கோழியம்மை மிகுந்த இடங்களில் அதற்குரிய தடுப்பும் உண்டு. நலமாயிருக்கும் பறவைகளுக்கே மருந்து கொடுக்க வேண்டும். ஊசிக்கு வழியில்லாத இடங்களை எண்ணியே, தீனியைப் போலக் கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

இங்கே ஒரு யோசனை கூறலாம். வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு நாட்களில் குஞ்சு பொரிப்பதால், தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் ஒவ்வொரு வீட்டுக் குஞ்சும் வெவ்வேறு வயதில் இருக்கிறது. ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் இயன்றவரை ஒரே வாரத்தில் அடைவைக்க இசைந்தால், குஞ்சுகளும் ஒரே வாரத்தில் பொரிக்கும். ஒரே நாளில் சொட்டு மருந்து பெறும். முட்டைகளைக் குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் வரை கெடாமல் வைத்திருக்கலாம் ஆதலால் இது இயலாத காரியம் அன்று. எல்லாப் பெட்டைகளும் ஒரே வாரத்தில் அடைக்கு வாரா என்பது உண்மையே. ஆயினும் பாதி வீடுகள் இசைந்தாலே வேலை பாதியாகக் குறையும்.

முதல் எட்டு வாரங்கள்

நோய்க்கு அடுத்த பகை, குஞ்சுப் பருவத்தில் நேரும் பல்வேறு விபத்துக்கள். பருந்தும் காக்கையும் பகலில் கொண்டுபோகின்றன. கீரியும் மரநாயும் பூனையும் கொண்டுபோகின்றன. மழையில் நனைந்தும் குளிரில் விறைத்தும் இறப்பவை பல. ஆழமான தண்ணீர்ப் பாத்திரத்தில் விழுந்து இறப்பவையும் உண்டு. இவை யாவும் தடுக்கக்கூடியவையே.

அடைவைக்கும்போதே கவனம் தொடங்க வேண்டும். அண்மையில் இட்ட, நடுத்தர அளவுள்ள, ஓட்டில் விரிசலில்லாத முட்டைகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். கோடையில் நான்கைந்து நாட்களுக்கு மேற்பட்ட முட்டை அடைக்கு ஏற்றதன்று. பெட்டையின் உடலளவுக்கு ஏற்ப 10 அல்லது 12 முட்டைகளே போதும். அதிகம் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. அடைக்கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் இட்டு, இருண்ட அமைதியான மூலையில் வைக்க வேண்டும். அடைக்கோழியின் இறகினிடையே பேன் இல்லாதிருக்கச் சாம்பல் தூவலாம். தீனியும் நீரும் அருகிலேயே இருக்கட்டும். இடிக்கு அஞ்சிக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் தீங்கேதுமில்லை, அதனை மறுத்து வாதாடிப் பொழுதைப் போக்க வேண்டா.

குஞ்சுகள் பொரிந்தபின் முதல் இரண்டு மூன்று வாரங்கள் அவற்றைத் தாயுடன் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது நம் முன்னோர் கண்ட நல்ல முறை. பருந்துக்கும் காக்கைக்கும் அதைவிட எளிய காப்பு வேறில்லை. பஞ்சாரத்தை நாள்தோறும் வேறிடத்திற்கு மாற்றி, மேலே ஒரு சாக்கு இட்டு வெயிலைத் தடுக்க வேண்டும். தாய்க்கோழி இருக்குமிடத்தில் விளக்குச் சூடு தேவையில்லை. தாயின்றி வளர்ப்பதானால் முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டா. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர் மிகுதி. விலகி ஓரத்திற்கு ஓடினால் சூடு மிகுதி. எங்கும் பரவித் திரிந்தால் வெப்பம் சரியாக உள்ளது.

குஞ்சின் தீனியில் நாம் பெரும்பாலும் தவறு செய்கிறோம். வெறும் அரிசி நொய்யை மட்டும் இறைத்தால் வயிறு நிரம்பும், உடல் வளராது. குஞ்சுக்குப் புரதம் அதிகம் வேண்டும். கடலைப் பிண்ணாக்குத் தூள், கருவாட்டுத் தூள், முருங்கைக்கீரை ஆகியவற்றை நொய்யுடன் சிறிதளவு சேர்க்கலாம். கரையான் மிகச் சிறந்த உணவு. பழைய மண்பானையில் நனைத்த சாணத்தையும் வைக்கோல், கந்தல் சாக்கு முதலியவற்றையும் திணித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் அதில் கரையான் சேர்ந்திருக்கும். செலவு இல்லை, வேலையும் சிறிதே. பெரிய கோழிகள் தின்றுவிடாதபடி, குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளியுள்ள மூங்கிற் கூடையின் உள்ளே தீனியை வைக்க வேண்டும். தட்டில் நீரூற்றி, நடுவே கூழாங்கற்களைப் பரப்பினால் குஞ்சு மூழ்காது.

பூசணம் பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் மனிதருக்கு ஆகாது என்று கோழிக்கு இடும் வழக்கம் பெருந்தீங்கு விளைப்பது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காமல் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அஃபிளடாக்சின் என்னும் அந்நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். குஞ்சுகளை விரைவில் கொல்லும்.

இரவுக் கூடு

பகலில் எங்கு மேய்ந்தாலும் இரவில் கோழிக்கு ஒரு கூடு இன்றியமையாதது. மரக்கிளையில் உறங்கும் கோழியையும் சமையலறை மூலையில் அடையும் கோழியையும் இன்றும் பல ஊர்களில் காண்கிறோம். முதலாவது கோழிக்கு ஆகாது. இரண்டாவது வீட்டாரின் உடல்நலத்திற்கு ஆகாது. வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் போதும். பத்துக் கோழிகளுக்கு நான்கு அடி நீளமும் மூன்று அடி அகலமும் உள்ள கூடு தாராளமானது. தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் மூங்கிற் கால்களின்மேல் அமைத்து, எச்சம் கீழே விழும்படி அடித்தளத்தை இடைவெளியுள்ள பட்டைகளால் அமைக்க வேண்டும். காற்று நன்கு உலவ வேண்டும். மழைச் சாரல் புகலாகாது. கதவுக்குத் தாழ் வேண்டும். முட்டையிட ஒரு மூலையில் வைக்கோல் பரப்பிய பெட்டி ஒன்று வைத்தால், முட்டையைத் தேடிப் புதரெல்லாம் அலைய வேண்டியதில்லை. எச்சத்தை அடிக்கடி அகற்றி எருக்குழியில் இடுக. அருகில் மணலும் சாம்பலும் கலந்த ஒரு குழி இருந்தால் கோழி அதில் புரண்டு தன் பேன்களைத் தானே போக்கிக்கொள்ளும்.

மாலையில் கூட்டருகே ஒரு கோழிக்கு ஒரு பிடி என்ற அளவில் தானியம் இறைக்கும் பழக்கத்தை மேற்கொண்டால், கோழிகள் தாமாகவே நேரத்தில் வீடு திரும்பும். அப்போது எண்ணிப் பார்க்கலாம். நோயுற்றதைப் பிரித்து வைக்கலாம். தடுப்பு மருந்தும் கொடுக்கலாம். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளோ நொறுக்கிய முட்டையோடோ வைத்தால் முட்டையின் ஓடு உறுதிப்படும். குடற்புழு நீக்கும் மருந்தை மருத்துவரின் ஆலோசனைப்படி சில மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்.

உயர் இனம் எப்பொழுது?

இவ்வளவும் கூறியதனால், உயர் இனங்கள் வேண்டா என்பது பொருளன்று. ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும், பெங்களூரில் உருவாகிய கிரிராஜாவும் புழக்கடைக்கென்றே உண்டாக்கப்பட்டவை. பகைவர் கண்ணில் எளிதில் படாத வண்ண இறகுகளை அவற்றுக்கு அமைத்ததும் அந்நோக்கத்தாலேயே. அவை நாட்டுக்கோழியினும் மிகுதியாக முட்டையிடும், விரைவாகவும் வளரும்.

ஆயினும் அவற்றை ஏற்கும் வீடு சில செய்திகளை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அவை அடைகாக்கும் இயல்பை இழந்தவை. எனவே ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பொரிப்பகத்தையே நாட நேரும். அவற்றின் சிறப்புக் குணங்கள் அடுத்த தலைமுறையில் அவ்வாறே தொடர்வதில்லை. உடல் கனத்தவை பகைக்கு அஞ்சி மரத்தில் ஏறுவது கடினம். நல்ல பலன் பெற அவற்றுக்குக் கூடுதல் தீனி வேண்டும். ஆகவே உயர் இனத்தை ஏற்கும் வீடும் இரண்டு நாட்டுப் பெட்டைகளையேனும் கைவிடாது வைத்திருப்பது அறிவுடைமை.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. 2014-15இல் தொடங்கிய தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் ஏழைக் குடும்பங்களுக்குக் குஞ்சு வழங்கியபோது, ஒருநாட் குஞ்சாகக் கொடுக்கவில்லை. நான்கு வாரங்கள் தனியிடத்தில் சூடும் தீனியும் தடுப்பு மருந்தும் அளித்து வளர்த்த பின்னரே கொடுத்தனர். முதல் வாரங்களே உயிருக்கு ஆபத்தான காலம் என்பதைத் திட்டம் வகுத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. அரசு வழங்கும் குஞ்சுக்குக் காட்டிய இப்பரிவை, அதே வீட்டில் நாட்டுக்கோழி பொரித்த குஞ்சுக்கும் நாம் ஏன் காட்டலாகாது? அதற்கு வேண்டியவை ஒரு பஞ்சாரம், ஒரு பிடி தீனி, ஒரு சொட்டு மருந்து ஆகியவையே.

யாரிடம் பேசுவது?

கிராமக் கூட்டத்தில் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது எதிரில் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கோழியை வளர்ப்பவர்களோ பெண்கள். எந்தப் பெட்டை நன்றாக அடைகாக்கும், எது குஞ்சுகளைத் திறமையாகக் காக்கும், எது முட்டையை உடைக்கும் என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. அவர்களிடம் முதலில் கேட்டறிந்து, பின்னரே நாம் கூற வேண்டியதைக் கூறுவது நலம். கோழி விற்ற சிறு தொகை பல வீடுகளில் பெண்ணின் கையிலேயே தங்குகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் மருந்துச் செலவும் அதிலிருந்தே நடக்கின்றன. ஒரே இரவில் மடிந்த கோழிகளோடு அக்கைப்பொருளும் மடிகிறது.

ஆசிரியர்களின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. வீட்டிலுள்ள கோழிகளைக் கணக்கெடுத்து எழுதி வரும்படி மாணவர்களைப் பணிக்கலாம்: அடைவைத்த முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, நான்காம் வாரத்தில் எத்தனை, எட்டாம் வாரத்தில் எத்தனை, இறந்தவை எதனால் இறந்தன? இதைவிட உயிருள்ள கணக்குப் பாடம் வேறில்லை. அடைவைத்த ஏழாம் நாள் இரவில் முட்டையைக் கைவிளக்கின் முன் பிடித்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்தி வலை போன்ற செந்நரம்புகள் தெரியும். கருவில்லாதது தெளிவாக இருக்கும். இதைக் கண்ட மாணவன் உயிரியலைப் பற்றி ஏட்டில் படித்ததை மறந்தாலும் இதனை மறவான். கோழியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கத்தையும் இத்துடன் கற்பிக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் மாணவர் வாயிலாகவே வீட்டுக்குச் செல்லட்டும். 2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் வெவ்வேறு ஆண்டுகளில் பல மாநிலங்களில் அது தோன்றியுள்ளது. இந்நோய் மனிதரையும் தொற்றக்கூடும். ஆகையால் கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால், அவற்றை அறுத்து உண்ணவோ, அவசரமாக விற்கவோ, குளத்திலும் வாய்க்காலிலும் எறியவோ கூடாது. வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். செய்தியை மறைப்பது ஊருக்கே தீங்காகும்.

எதை அளப்பது?

நம் வேலையின் பயனை நாம் எவ்வாறு அளக்கிறோமோ அவ்வாறே நம் வேலையும் அமைகிறது. எத்தனை குஞ்சுகள் வழங்கினோம் என்பதையே அளந்தால், வழங்குவதோடு நம் பணி முடிந்துவிடும். எட்டாவது வாரத்தில் எத்தனை குஞ்சுகள் உயிரோடிருந்தன என்று அளக்கத் தொடங்கினால், மருந்து குளிர்ச்சியோடு வந்ததா, விடியற்காலையில் சென்றோமா, கூட்டுக்குத் தாழ் உண்டா என்பனவெல்லாம் நம் கவனத்திற்கு வரும். ஆதலால் ஒவ்வொரு ஊழியரும் தம் பதிவேட்டில் இந்த ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். மேலிடத்து ஆணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பென்சிலால் ஒரு கோடு கிழித்தால் போதும்.

தொடங்குவதற்கு ஒரு தெரு போதும். பதினைந்து வீடுகளைத் தெரிந்தெடுங்கள், கோழிகளை எண்ணுங்கள், ஒரு விடியற்காலையில் ஒரு புட்டி மருந்துடன் செல்லுங்கள். மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் எண்ணுங்கள். அவ்வெண்ணிக்கை உயர்ந்திருக்குமானால், அடுத்த தெருவார் தாமாகவே உங்களை அழைப்பர். அதன்பின் அவ்வூருக்கு உயர் இனக் குஞ்சுகளைக் கொண்டு செல்லுங்கள், அவை பிழைக்கும்.